இரண்டாவது வரி

ரயிலுக்கு மேடு பிடிக்காது.
அந்தப் பிடிவாதத்தால்தான்
என் முழங்கால்கள் இன்னும் பிழைத்திருக்கின்றன.
குன்றைப் பிளந்து, சதுப்பில் மண் கொட்டி,
ஓடைகளுக்குக் கல்வளைவு கட்டி
யார் யாரோ சமன்செய்து தந்த தடம்.
ரயில் போய், தண்டவாளமும் போய்
இப்போது மேயோ மழையில் ஊறிய சரளை,
இருபக்கமும் மஞ்சளாய் கோர்ஸ் புதர்.
மிதித்தால் போகும்,
மிதிக்காவிட்டாலும் கொஞ்சம் போகும்.

கில்டராவில் நடைமேடை மட்டும் நிற்கிறது,
யாருக்கும் காத்திராமல்.
அதன் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் எங்கோ
காந்தம் ஒட்டிய ஒரு சிமிழ்.
நான்கு மீட்டர் என்கிறது கைபேசி.
ப்ளாக்பெரி முள்ளுக்குள் நான்கு மீட்டர்
என்றால் என்னவென்று
செயற்கைக்கோளுக்குத் தெரியாது.
யாராவது வந்தால் குனிந்து ஷூ லேஸ் கட்டுவேன்.
ஒரே லேஸை மூன்று தடவை கட்டியதை
நாயோடு வந்த ஒருவர்
நின்று பார்த்திருக்கிறார்.

சிமிழுக்குள் சுருட்டிய தாள்.
தாளில் எனக்கு முன்னால் எப்போதும் ஒரே பெயர்:
ஈரக்காலுறை.
கட்டம் கட்டமாய் எழுத்து. தேதி. நேரம்.
காலை 6.40.
புயல் எச்சரிக்கை நாளிலும் 6.40.
கீழே நான்: மூன்றாம்கியர்.
இந்த ஆட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.
(கடையில் என்னை ப்ரீஜ் என்பார்கள்.)

பதினோரு பெட்டிகள்.
பதினொன்றிலும் நான் இரண்டாவது.
ஒருமுறை மருந்துக்கடைக் கதவில்
‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ அட்டையைத் தொங்கவிட்டு
வெள்ளைக் கோட்டோடு மிதித்தேன்.
அங்கே மை காய்ந்திருக்கவில்லை.
அன்றிலிருந்து கவுன்டருக்கு வரும்
ஒவ்வொருவர் கணுக்காலையும் எட்டிப் பார்க்கிறேன்.
உண்ணி பிடுங்கும் இடுக்கி கேட்டால் சந்தேகம்.
கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி கேட்டால்
அதைவிடச் சந்தேகம்.
தபால்காரர் மாலக்கிதான் என்று
ஆறு மாதம் நம்பினேன்.
அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதாம்.

செப்டம்பரில் புதிதாக ஒன்று,
ஏழாம் மைல்கல்லுக்குப் பக்கத்தில்.
அறிவிப்பு வந்தபோது இரவு பதினொன்று.
விடியுமுன் கிளம்பினேன்.
சைக்கிள் விளக்கின் வட்டத்துக்குள் மழை மட்டும்,
பிறகு மழையும் மாடுகளும்.
ஹெஃபர்னன் வீட்டு மாடுகள், பால் கறக்க,
பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன.
முந்துவதில் அவற்றுக்கு அக்கறையில்லை.
ஒவ்வொன்றும் என்னை முகர்ந்துவிட்டுத்தான் நகர்ந்தது.
நான் இரண்டு காலையும் குட்டையில் ஊன்றி நின்றேன்.
“பெட்டிதானே?” என்றார் கோல்மன் ஹெஃபர்னன்.
“வியாழக்கிழமை ஒருத்தி பாலத்துக்கடியில்
அரை மணி நேரம் குனிந்து கிடந்தாள்.
எதையோ தொலைத்துவிட்டாள் என்று
நானும் கூடத் தேடினேன்.”

ஒருத்தியா?

பாலத்தின் மூன்றாவது வளைவில் ஆடும் ஒரு கல்.
பின்னால் பச்சைத் தகரப் பெட்டி.
புத்தகத்தில் எழுத்தே இல்லை.
முதல் பக்கம், முதல் வரி,
வெறும் வெள்ளை.
இருட்டில் தனியாக நின்று ‘ஹா!’ என்றேன்.
வளைவு அதைத் திருப்பிச் சொன்னது,
கொஞ்சம் கேலியாக.

அப்புறம்தான் உறைத்தது.
ஒளித்தவர் தன் பெட்டியில்
கையெழுத்துப் போட முடியாது.
ஓடாமல் நின்றவளைத்தான்
இன்று முந்தியிருக்கிறேன்.

உள்ளே வழக்கமான சாமான்கள்.
வாலறுந்த டைனோசர். போலந்து நாணயம் ஒன்று.
அவற்றுக்கு அடியில்
நீர் புகாத பையில் மடித்துவைத்த
ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.
சீட்டு எதுவும் இல்லை.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், விதி அது.
பையிலிருந்த உண்ணி இடுக்கியை வைத்தேன்.
பென்சிலை எடுத்ததும்
பழக்கத்தில் கை
இரண்டாவது வரிக்குப் போய்விட்டது.
அழிக்கவில்லை.
மேலே இருக்க வேண்டியது யார் என்று
அடுத்து வருபவர் குழம்பட்டும்.

திரும்பும்போது எதிர்க்காற்று.
மறுபடி அதே மாடுகள்.
இம்முறை என் கால்களைத்தான்
வெகுநேரம் முகர்ந்தன.